படிக்க ஆளில்லாத அறிக்கைகள்

2022 செப்டம்பர் முதல் வாரம். பெங்களூரின் கிழக்குப் பக்கம் இருக்கும் எங்கள் அபார்ட்மெண்டில் பேஸ்மெண்ட் முழுக்கத் தண்ணீர். என் காரின் கூரை மட்டும் வெளியே தெரிந்தது. இரண்டு நாள் கரண்ட் இல்லை. மூன்றாம் நாள் காலை குடும்பத்தோடு ஒரு டிராக்டர் டிரெய்லரில் ஏறி மெயின் ரோட்டுக்கு வந்து சேர்ந்தோம். லேப்டாப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு டிராக்டரில் நின்ற கூட்டத்தை நீங்களும் டிவியில் பார்த்திருப்பீர்கள். அதில் ஒரு தலை என்னுடையது.

ஊரிலிருந்து ஃபோன் மேல் ஃபோன். "ஐடி ஊரே டிராக்டர்லதான் போவுதாமே?" என்று கேட்டவர்களின் குரலில் அக்கறையோடு ஒரு சின்ன சந்தோஷமும் இருந்தது. தப்பில்லை. நானாக இருந்தாலும் அப்படித்தான் கேட்டிருப்பேன்.

தண்ணீர் வடிந்ததும் அசோசியேஷன் கூட்டம். பில்டரைத் திட்டினோம், மாநகராட்சியைத் திட்டினோம், மழையையும் விடவில்லை. அப்போது மூன்றாவது மாடியில் இருக்கும் ஒரு கன்னடப் பெரியவர் தன் ஃபோனை எடுத்தார். கர்நாடக அரசின் 'திஷாங்க்' என்றொரு செயலி இருக்கிறது. நீங்கள் நிற்கும் இடத்தின் சர்வே எண்ணை வருவாய்த் துறை வரைபடத்தோடு சேர்த்துக் காட்டும். இலவசம்தான். அதில் எங்கள் பின்பக்க காம்பவுண்டுச் சுவரை ஒட்டி, குழந்தைகளின் சறுக்குமரம் இருக்கும் இடத்தின் குறுக்கே ஒரு கோடு ஓடியது. ராஜகாலுவே. பெரிய மழைநீர்க் கால்வாய் என்று அர்த்தம். நம் 'கால்'வாய்தான் அங்கே காலுவே.

"இது முன்னாடியிலிருந்தே இங்கேதான் இருக்கு. நாமதான் புதுசு" என்றார் பெரியவர்.

இந்த இடத்தில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் தொழிலால் கணக்காளன், ஒரு கம்பெனியில் உள்தணிக்கை பார்க்கிறேன். அறிக்கை படித்துத்தான் சோறு சாப்பிடுகிறேன். பதினெட்டு வருஷம் இந்த மாநிலத்தில் குடியிருந்து, இங்கே வரி கட்டி, வீடு வாங்கி, பிள்ளைகளைப் படிக்க வைத்தும், இந்த மாநிலம் தன்னைப் பற்றி எழுதிய ஒரு அறிக்கையைக்கூட அன்றுவரை நான் திறந்து பார்த்ததில்லை.

அதற்கப்புறம் வெறி பிடித்த மாதிரி படித்தேன். படிக்கப் படிக்கத் தோன்றியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

*

பெங்களூரில் பெரிய ஆறு கிடையாது. கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரத்தில், மேட்டு முதுகில் உட்கார்ந்திருக்கிற ஊர். அதனால் பழைய ஆட்கள் பள்ளத்துக்குப் பள்ளம் ஏரி வெட்டி, ஒன்று நிரம்பினால் அடுத்ததற்குப் போகும்படி கால்வாயால் கோத்து வைத்தார்கள். நம் ஊர்ச் சங்கிலி ஏரிகள் மாதிரியேதான். முதுகின் மேற்கே விழும் தண்ணீர் விருஷபாவதி, அர்க்காவதி வழியாகக் காவிரிக்குப் போகும். கிழக்கே விழுவது பெல்லந்தூர், வர்தூர் ஏரிகளைத் தாண்டித் தென்பெண்ணைக்கு.

இந்த ஏரிகளைப் பற்றி எத்தனை அறிக்கைகள் என்று பாருங்கள்.

1986இல் லட்சுமண் ராவ் குழு. அப்போதே, உயிரோடு இருக்கிற ஏரிகளை உடைக்காதீர்கள், ஆக்கிரமிப்பை அகற்றுங்கள், சாக்கடையை உள்ளே விடாதீர்கள் என்று எழுதிக் கொடுத்தது. ஐடி பார்க்குகள் எழும்புவதற்கு முன்னால்.

2011இல் கர்நாடக உயர் நீதிமன்றம் அமைத்த நீதிபதி என்.கே. பாட்டீல் குழு. ஏரியை அள, எல்லை போடு, வேலி கட்டு, கழிவுநீரைத் திருப்பு என்று வேலைகளை வரிசைப்படுத்திச் சொன்னது.

2017இல் கோலிவாட் தலைமையிலான சட்டசபைக் குழு. பெங்களூர் நகர, கிராம மாவட்டங்களின் ஏரி நிலத்தில் பத்தாயிரம் ஏக்கருக்கும் மேல் ஆக்கிரமிப்பில் இருப்பதாகச் சபையிலேயே வைத்தார்கள். ஆக்கிரமித்ததில் தனியார் மட்டுமல்ல, அரசுத் துறைகளும் உண்டு.

2021இல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை, பெங்களூரின் மழைநீர் மேலாண்மை பற்றி. 1800களின் தொடக்கத்தில் 1,452 நீர்நிலைகள், அவற்றின் கொள்ளளவு 35 டிஎம்சி. 2016இல் 194 நீர்நிலைகள், 5 டிஎம்சி. கால்வாய்களுக்கு நடுவே தொடர்பு அறுந்துபோனதையும் அதில் எழுதியிருக்கிறார்கள்.

அதாவது 30 டிஎம்சி தண்ணீர் தங்கிய இடம் காணோம். இடம் காணாமல் போகலாம், மழை காணாமல் போகுமா? அந்தத் தண்ணீர் எங்கே போகும்? எங்கள் பேஸ்மெண்டுக்கு. அந்த அறிக்கை சட்டசபைக்கு வந்தது 2021 செப்டம்பரில். எங்கள் கார் மூழ்கியது 2022 செப்டம்பரில். சரியாக ஒரு வருஷ நோட்டீஸ். வீட்டுக்காரர்கூட இவ்வளவு நாள் கொடுக்க மாட்டார்.

நான் வீடு வாங்கியது 2010இல். வங்கியின் வழக்கறிஞர் முப்பது வருஷத்து வில்லங்கம் பார்த்தார். தாய்ப்பத்திரம் பார்த்தார். எல்லாம் சுத்தம். 'ஏரிக்கும் கால்வாய்க்கும் எவ்வளவு தூரம்?' என்று ஒருவரும் கேட்கவில்லை, நான் உட்பட. சமையலறையில் மாடுலர் கிச்சன் வைக்க முடியுமா என்று மட்டும் நான்கு தடவை கேட்டேன்.

*

நாம் ஏன் படிப்பதில்லை?

முதல் காரணம், 'இது நம்ம ஊர் இல்லை.' வேலைக்கு வந்திருக்கிறோம், ரிட்டயர் ஆனதும் போய்விடுவோம் என்ற நினைப்பு. இங்கே பன்னிரண்டு வருஷம் ஓட்டு கூட மாற்றாமல் இருந்தவன் நான். ஊருக்குப் போனால் அங்கே இருக்கும் ஏரியைப் பற்றி ஆவேசமாகப் பேசுவேன். ஆனால் வருஷத்தில் 350 நாள் இந்த ஊர்த் தண்ணீரைக் குடித்து, இந்த ஊர்க் காற்றை மூச்சு விட்டு, இந்த ஊர்ச் சாக்கடையில்தான் என் கழிவை விடுகிறேன். தண்ணீருக்கு நேட்டிவ் பிளேஸ் தெரியாது.

இரண்டாவது, மொழி. நிறைய அறிக்கைகள் கன்னடத்தில் இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் தணிக்கை அறிக்கைகளும், பட்ஜெட்டோடு வரும் பொருளாதார ஆய்வறிக்கையும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அட்டவணைகளும் ஆங்கிலத்திலும் கிடைக்கின்றன. இத்தனை வருஷம் இருந்துவிட்டுக் கன்னட எழுத்து தெரியவில்லை என்பது மொழியின் குற்றமும் இல்லை. (எனக்கு இப்போது எழுத்துக் கூட்டிப் படிக்க வரும். பஸ் போர்டில் ஆரம்பித்தேன்.)

மூன்றாவதுதான் நிஜமான காரணம்: படித்து என்ன ஆகப்போகிறது? எல்லாம் அலமாரிக்குப் போகிற காகிதம்.

இந்த மூன்றாவது காரணத்தோடுதான் எனக்குச் சண்டை. ஒரு அறிக்கை அலமாரிக்குப் போவதால் நாம் படிக்காமல் இருக்கிறோமா, அல்லது நாம் படிக்காததால் அது அலமாரிக்குப் போகிறதா? என் தொழிலில் எனக்குத் தெரிந்த ஒரே பாடம் இது: படிக்க ஆள் இருக்கிறது என்று தெரிந்தால் கணக்கு எழுதுகிறவன் கை வேறு மாதிரி எழுதும். ஆள் இல்லையென்றால் போன மாசத் தாளில் தேதியை மட்டும் மாற்றும்.

மூன்று உதாரணம் சொல்கிறேன். மூன்றும் நானே பட்டது.

*

முதலாவது, சகாலா. கர்நாடகத்தில் 2011இல் சேவை உரிமைச் சட்டம் ஒன்று கொண்டுவந்து, 2012இல் மாநிலம் முழுக்க 'சகாலா' என்ற பெயரில் நடைமுறைப்படுத்தினார்கள். நல்ல சட்டம். சான்றிதழோ பட்டா மாற்றமோ, ஒவ்வொன்றுக்கும் இத்தனை நாள் என்று கெடு. மனு கொடுத்தால் ஒரு எண் தருவார்கள். கெடு தாண்டினால் நாளொன்றுக்கு 20 ரூபாய், அதிகபட்சம் 500 ரூபாய் மனுதாரருக்கு. அதிகாரியின் பணத்திலிருந்து. எந்த அலுவலகம் எத்தனை மனுவை நேரத்தில் தீர்த்தது என்று மாதாமாதம் கணக்கும் வரும்.

நான் கதா மாற்றத்துக்கு மனு போட்டேன். (வீட்டு வரி ரிஜிஸ்டரில் பெயர் மாற்றுவதற்கு இங்கே கதா என்று பெயர். எல்லாரும் ஒரு தடவையாவது இந்தக் கதையில் பாத்திரமாகியிருப்பீர்கள்.) கெடுவின் கடைசி நாள் மாலை, 'ஆவணம் போதாது' என்று நிராகரிப்பு. எந்த ஆவணம் என்று சொல்லவில்லை. மறுபடி மனு, மறுபடி கெடு, மறுபடி கடைசி நாள். மூன்றாவது தடவைதான் நடந்தது.

அந்த அலுவலகத்தின் மாதக் கணக்கைப் பிறகு பார்த்தேன். பிரமாதமான சதவீதம். என்னுடைய இரண்டு நிராகரிப்பும் 'குறித்த காலத்தில் தீர்க்கப்பட்டவை' என்ற கட்டத்துக்குள்ளேதான் இருந்திருக்க வேண்டும். ஏனென்றால் சரி என்றாலும் தீர்வு, முடியாது என்றாலும் தீர்வு. எண்ணில் பொய் இல்லை. ஆனால் அந்தச் சதவீதத்தைப் பார்த்துக் கைதட்டுகிறவருக்கு நான் நடந்த நடை தெரியாது. 'இதில் எத்தனை நிராகரிப்பு?' என்று கேட்க ஆள் இருந்தால் அந்த எண்ணுக்கு வேறு அர்த்தம் வந்திருக்கும்.

*

இரண்டாவது, பள்ளிக்கூடம். எங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்கா தர்மபுரிப் பக்கம். கணவருக்குக் கட்டட வேலை. மகள் பக்கத்து அரசுப் பள்ளியில் ஏழாவது. மாதத்தில் நான்கைந்து நாள் பள்ளிக்குப் போகாமல் அம்மாவோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிடும். கேட்டால் சிரிக்கும். என் மனைவி தனியாகக் கேட்டபோதுதான் சொன்னது: "அங்க பாத்ரூம் பூட்டியே இருக்கும் ஆன்ட்டி."

நாட்டில் ஒவ்வொரு பள்ளிக்கும் 11 இலக்க 'யுடைஸ்' எண் உண்டு. மாநிலக் கல்வித் துறைகள் சேகரித்துத் தரும் விவரம் அதில் இருக்கும். எத்தனை வகுப்பறை, எத்தனை டீச்சர், குடிதண்ணீர் உண்டா, எத்தனை கழிப்பறை, அதில் எத்தனை வேலை செய்கிறது, எல்லாம். அந்தப் பள்ளியின் அட்டையைத் திறந்தேன். பெண்கள் கழிப்பறை: 2. செயல்படுபவை: 2.

பிரிண்ட் எடுத்து அக்காவிடம் கொடுத்தேன். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் எண் தெரியும். "ரெண்டுன்னு போட்டிருக்காங்களா சார்? அப்ப நம்ம கேக்கலாமா?" என்றார். கேட்கலாமா என்றுதான் கேட்டார். அதுவரை கேட்பது தன் வேலை இல்லை என்று நினைத்திருக்கிறார்.

அங்கே எஸ்டிஎம்சி என்று பெற்றோர் இருக்கும் பள்ளிக் குழு உண்டு. அதன் கூட்டத்துக்கு என் மனைவியும் கூடப் போனாள். தலைமையாசிரியை நல்ல மாதிரி. மறைக்கவில்லை. கணக்கெடுத்த அன்று இரண்டும் வேலை செய்தன, பிறகு மோட்டார் போனது, கழுவ ஆளுக்குப் பணம் இல்லை, நாறவிடுவதற்குப் பூட்டுவது மேல் என்று பூட்டினேன் என்றார். அவர் பக்கமும் நியாயம் இருந்தது. மோட்டார் ரிப்பேருக்கு எங்கள் அபார்ட்மெண்டில் நான்கு வீடு பணம் போட்டோம். கழுவுகிற ஆளுக்குக் குழு ஏற்பாடு செய்தது. இப்போது ஒன்று திறந்திருக்கிறது. இன்னொன்றுக்கு இன்னும் கதவு சரியில்லை.

ஊரைப் புரட்டிப்போட்ட கதை இல்லை இது. ஒரு பூட்டு திறந்த கதை. ஆனால் மேலே உட்கார்ந்திருக்கிறவர் மேஜையில் அந்தப் பள்ளி ஏற்கெனவே 'சரியாக இருக்கிறது' கணக்கில்தான் இருந்தது. அந்த '2' பொய் என்று சொல்லக்கூடியவர்கள் உலகத்திலேயே அந்தப் பள்ளிப் பெண்பிள்ளைகள் மட்டும்தான். அவர்கள் கைக்கு அந்தக் காகிதம் போகவே இல்லை.

*

மூன்றாவதுதான் சொல்லக் கஷ்டமானது.

என் அக்காவை ஓசூர்ப் பக்கம் கொடுத்திருக்கிறது. மாமாவுக்குக் கெலவரப்பள்ளி அணைக் கால்வாய்ப் பாசனத்தில் கொஞ்சம் நிலம். காய்கறி போடுகிறார். எங்கள் சொந்த ஊர் திருக்கோவிலூர். இரண்டு இடத்துக்கும் ஒரே ஆறு, தென்பெண்ணை. கர்நாடகத்திலிருந்து வந்து கெலவரப்பள்ளியில் தேங்கி, கிருஷ்ணகிரி அணை, சாத்தனூர் அணை தாண்டி எங்கள் ஊருக்கு வரும். சின்ன வயதில் மணலில் ஊற்று தோண்டிக் குடித்த ஆறு.

கெலவரப்பள்ளியில் நுரை பொங்குவது பல வருஷமாகப் பேப்பரில் வருகிற செய்தி. ஒருநாள் மாமா ஃபோன் செய்தார்.

"மாப்ள, உங்க ஊர்ல சோப்பு வெல ரொம்பக் கம்மியா?"

"ஏன் மாமா?"

"இல்ல, ஆத்துல நொர நொரயா வருதே. எல்லாரும் அங்க குளிச்சிகிட்டே இருக்கீங்களோன்னு பார்த்தேன்."

சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு, "வெண்டக்கா பறிக்கிற பொம்பளைங்களுக்குக் கையெல்லாம் அரிக்குதாம் மாப்ள" என்றார். அதற்குச் சிரிக்க முடியவில்லை.

அந்த இரவு கர்நாடக மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ஏரித் தண்ணீர் அட்டவணையைத் திறந்தேன். நாடு முழுக்க ஒரே அளவுகோல்தான். ஏ, பி, சி, டி, ஈ என்று ஐந்து வகுப்பு. 'ஏ' என்றால் கிருமி நீக்கினாலே குடிக்கலாம். 'பி' குளிக்கலாம். 'சி' முறையாகச் சுத்திகரித்துக் குடிக்கலாம். 'டி' மீனுக்கும் விலங்குக்கும் ஆகும். 'ஈ' என்றால் பாசனம், தொழிற்சாலைக் குளிர்விப்பு இந்த மாதிரிக்கு ஆகும். நான் பார்த்த மாதங்களில் பெங்களூர் ஏரிகள் பெரும்பாலும் 'டி', 'ஈ' இரண்டில்தான் இருந்தன.

'ஈ' என்றால் பாசனத்துக்கு ஆகும். படிக்கும்போது ஏதோ ஒரு உபயோகமாவது இருக்கிறதே என்று தோன்றும். அந்த வகுப்புக்குத் தண்ணீரில் ஆக்சிஜன் இவ்வளவு இருக்க வேண்டும், மலக்கிருமி இவ்வளவுக்குள் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையே கிடையாது. உப்பு, சோடியம், போரான் மாதிரி பயிருக்கு ஆகாதவற்றை மட்டும்தான் பார்ப்பார்கள். பயிர் பிழைக்குமா என்பதுதான் கேள்வி. அந்தத் தண்ணீரில் இறங்கி நிற்கிற மனுஷி அந்த அட்டவணையில் இல்லை. 'பாசனம்' என்று ஒரு வார்த்தையில் எழுதிவிட்டார்கள். அந்த வார்த்தைக்கு உள்ளே என் அக்கா நிற்கிறாள்.

அரசைத் திட்ட நல்ல ஆதாரம் கிடைத்தது என்று நினைத்தேன். அப்புறம்தான் உறைத்தது.

எங்களைப் போன்ற பெரிய குடியிருப்புகளுக்குச் சொந்தக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் உண்டு. அதன் தண்ணீர் பரிசோதனை அறிக்கை வாரியத்துக்குப் போக வேண்டும். அந்த வருஷம் அசோசியேஷன் பொருளாளர் நான்தான். அறிக்கையில் கையெழுத்தும் நான்தான். பழைய ஃபைலை எடுத்துப் பார்த்தேன். பிஓடி என்று ஒரு அளவு. தண்ணீரில் மிச்சமிருக்கும் அழுக்கைக் கிருமிகள் தின்று தீர்க்க எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்பது. கூடினால் அழுக்கு கூட என்று அர்த்தம். எங்கள் அறிக்கையில் ஜூன் மாதம் 8. ஜூலை 8. ஆகஸ்ட் 8. செப்டம்பர், அதாவது நிலையமே வெள்ளத்தில் முழுகிக் கிடந்த மாதம், அதிலும் 8.

கம்பெனியில் ஒருத்தர் சில்லறைச் செலவை நான்கு மாதம் ஒரே எண்ணாக எழுதினால் நான் விடுவேனா? வவுச்சரை வரிசையாக அடுக்கச் சொல்லியிருப்பேன். இங்கே நானே கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

விசாரித்தேன். கரண்ட் பில்லைக் குறைக்க ராத்திரியில் காற்று ஊதும் பிளோவரை நிறுத்திவிடுவது வழக்கமாம். 'செலவைக் குறையுங்கள்' என்று பொதுக்குழுவில் சொன்னது நாங்கள்தான். சாம்பிள் எடுத்தார்களா என்பதற்கு ஒப்பந்தக்காரரிடம் தெளிவான பதில் இல்லை. வெளியே ஒரு ஆய்வகத்தில் நானே தண்ணீரைக் கொடுத்துப் பார்த்தேன். 46 என்று வந்தது.

எங்கள் குழாயிலிருந்து ராஜகாலுவே. அங்கிருந்து ஏரி, பிறகு வர்தூர், பிறகு தென்பெண்ணை, கெலவரப்பள்ளி, மாமாவின் வெண்டைக்காய். கீழே இன்னும் போனால் நான் ஊற்று தோண்டிய மணல். வழியில் யார் வீட்டுக் கழிவு எவ்வளவு என்று பிரிக்க முடியாதுதான். ஆனால் அந்த '8'ஐ எழுதியது அரசு இல்லை.

*

'சரி, படித்துவிட்டோம், என்ன பலன்?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. எல்லா அறிக்கையும் ஜெயிக்கவில்லை. ஏரியைச் சுற்றி 75 மீட்டர் விட வேண்டும் என்று 2016இல் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னதை 2019இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. 1986இல் சொன்னதை 2011இலும் 2017இலும் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது.

ஆனால் நகர்ந்தவை எப்படி நகர்ந்தன என்று பாருங்கள். பாட்டீல் குழு தானாக வரவில்லை. ஒரு தன்னார்வக் குழு பொதுநல வழக்குப் போட்டதால் வந்தது. பெல்லந்தூர் ஏரி 2015இலும் 2017இலும் 2018 ஜனவரியிலும் தீப்பிடித்தது. ஆமாம், தண்ணீர்தான் எரிந்தது. கடைசித் தடவை ராணுவத்தையே கூப்பிட வேண்டியிருந்தது. அந்த வருஷம் டிசம்பரில் பசுமைத் தீர்ப்பாயம், ஏரியைச் சுத்தம் செய்ய 500 கோடி ரூபாயைத் தனிக் கணக்கில் ஒதுக்கு என்று மாநில அரசுக்கு உத்தரவிட்டது. நீதிபதி சந்தோஷ் ஹெக்டே தலைமையில் மேற்பார்வைக் குழுவும் போட்டது. வண்டல் அள்ளும் வேலை ஆமை வேகத்தில் என்றாலும் தொடங்கியது. இதற்கெல்லாம் பின்னால் இருந்தவர்கள் ஏரிக்கரையில் குடியிருந்து, அரசின் எண்களை எடுத்து அரசின் முன்னாலேயே வைத்தவர்கள். எதிர்க்கட்சி சொன்னால் அரசியல் என்று தள்ளலாம். பத்திரிகை சொன்னால் மிகைப்படுத்தல் என்று தள்ளலாம். தன் கையெழுத்தில் தானே எழுதியதை எப்படித் தள்ளுவது?

அதனால் என் வேண்டுகோள் சின்னதுதான். பெங்களூரோ புனேயோ ஹைதராபாத்தோ டில்லியோ, எங்கே இருந்தாலும் சரி. வருஷத்துக்கு ஒரு அறிக்கை. உங்கள் பகுதித் தண்ணீரைப் பற்றியோ, பக்கத்து அரசுப் பள்ளியைப் பற்றியோ, உங்கள் வார்டைப் பற்றியோ. முழுக்கப் படிக்க வேண்டாம். மூன்று கேள்வி போதும். இது எந்தத் தேதி நிலவரம்? யார் போய் அளந்தது? 'தீர்ந்தது', 'செயல்படுகிறது', 'ஆகும்' என்பதற்கு அவர்கள் அகராதியில் என்ன அர்த்தம்? விடை தெரியாவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு. பத்து ரூபாய் செலவு.

எங்கள் அபார்ட்மெண்டில் என்ன ஆனது என்று சொல்லிவிட்டு முடிக்கிறேன். பொதுக்குழுவில் '46' தாளை எடுத்து வைத்தேன். பெரிய சண்டை. "எல்லா அபார்ட்மெண்டும் இப்படித்தான் சார், நமக்கு மட்டும் என்ன?" என்றார் ஒருவர். "வாரியத்துக்கே கவலையில்லை, உங்களுக்கு ஏன்?" என்றார் இன்னொருவர். வீட்டுக்கு மாதம் 300 ரூபாய் கூடும் என்றதும் நண்பர்கள் சிலரும் கட்சி மாறினார்கள். நான் முதலில் என் கையெழுத்துக்கு மன்னிப்புக் கேட்டேன். அப்புறம் மாமா சொன்ன வெண்டைக்காய் விஷயத்தைச் சொன்னேன். மூன்றாவது மாடிப் பெரியவர் எழுந்து, "ஓசூர்க் காய்கறிதான் நாமும் வாங்குகிறோம்" என்று ஒரே வரி சொல்லி உட்கார்ந்தார். ஏழு ஓட்டு வித்தியாசத்தில் தீர்மானம் நிறைவேறியது.

இப்போது பிளோவர் ராத்திரியும் ஓடுகிறது. சாம்பிளை வெளி ஆய்வகத்து ஆள் வந்து எடுக்கிறார். அந்தத் தாளை லிஃப்ட் பக்கத்தில் ஒட்டி வைக்கிறோம். போன மாதம் 14, அதற்கு முந்தைய மாதம் 11. ஒவ்வொரு மாதமும் வேறு எண் வருகிறது. முன்பெல்லாம் அது எனக்குக் கவலையாக இருந்திருக்கும். லிஃப்டுக்குக் காத்திருக்கிறவர்கள் நின்று படிக்கிறார்கள். போன வாரம் ஒரு ஆறாவது படிக்கும் பையன் என்னை நிறுத்தி, "அங்கிள், இந்தத் தடவை ஏன் மூணு கூடிடுச்சு?" என்று கேட்டான்.

பதில் தெரியவில்லை. விசாரித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன்.